ஒரே கடையில் பூட்டிக் கிடக்கலாமா தமிழ் மின்னூல்கள்?

2025 பிப்ரவரி 26 அன்று அமேசான் நிறுவனம், கிண்டில் வாசகர்களுக்கு அதுவரை தந்துவந்த ஒரு வசதியை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கிய மின்னூலின் கோப்பை அமேசான் தளத்திலிருந்து கணினியில் இறக்கி, யுஎஸ்பி கேபிள் வழியாக வாசிப்புக் கருவிக்கு மாற்றிக்கொள்ளும் வசதி அது. அதைப் பயன்படுத்தியவர்கள், தாங்கள் வாங்கிய நூலுக்கு வீட்டுக் கணினியில் ஒரு பிரதி வைத்துக்கொள்ள முடிந்தது. அதன் பிறகு நூல், நிறுவனத்தின் சர்வரிலிருந்து இணையம் வழியே நேராகக் கருவிக்கோ கைபேசிச் செயலிக்கோதான் வந்தது.

அதே ஆண்டு ஜனவரியில் கலிஃபோர்னியாவில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. மின்வடிவப் பொருளை விற்பவர், வாங்குபவருக்குக் கிடைப்பது உரிமம் மட்டுமே என்றால் அதை ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும் என்கிறது அது. அமேசானின் அமெரிக்கத் தளத்தில் மின்னூலை வாங்கும் பொத்தானுக்கு அருகிலேயே, ‘நீங்கள் வாங்குவது உரிமம்’ என்ற பொருளில் ஒரு வாசகம் இடம்பெறத் தொடங்கியது.

தமிழ் வாசகர்கள் இந்த இரண்டு செய்திகளையும் தொலைதூரத்துச் செய்திகளாக எடுத்துக்கொள்ள முடியாது. 2016 டிசம்பரில் கிண்டில், தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளுக்குக் கதவு திறந்தது. பதிப்பகம் கிடைக்காத புதிய எழுத்தாளர்களுக்கும், மறுபதிப்பு காணாத பழைய நூல்களுக்கும், சென்னையிலிருந்து தபால் செலவு கட்டுப்படியாகாத அயல்நாட்டு வாசகர்களுக்கும் அது பெரிய வரவு. இதை மறுப்பது நன்றி மறப்பது. ஆனால் இன்று, அச்சில் ஒருபோதும் வராத தமிழ் நாவல்களும் சிறுகதைத் தொகுப்புகளும் அந்த ஒரு கடையில் மட்டுமே இருக்கின்றன. அந்தக் கோப்புகளின் வடிவம் என்ன, வேறு எந்தக் கருவியில் அவை திறக்கும், இருபது ஆண்டுகளுக்குப் பின் அவற்றை யார் படிக்க முடியும் என்ற கேள்விகளை நாம் இன்னும் உரக்கக் கேட்கவில்லை. கேட்டாக வேண்டும்.

இரண்டு வழிகள்

மின்னூலுக்கு ஒரு பொது வடிவம் வேண்டும் என்ற முயற்சி 1999இல் ‘ஓப்பன் ஈபுக்’ என்ற பெயரில் தொடங்கியது. அதன் வழித்தோன்றலான ஈபப் 2007இல் தரமாக அறிவிக்கப்பட்டது. அதே 2007 நவம்பரில் முதல் கிண்டில் விற்பனைக்கு வந்தது. அமேசான் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே மோபிபாக்கெட் என்ற பிரெஞ்சு நிறுவனத்தை வாங்கியிருந்ததால், அதன் மோபி வடிவத்தையே அடித்தளமாகக் கொண்டது. பிறகு ஏஇசட்டபிள்யூ, 2011இல் கேஎஃப்8, 2015இல் கேஎஃப்எக்ஸ் என்று தன் வழியிலேயே நடந்தது. சோனி, கோபோ, நூக், ஆப்பிள் ஆகியவை ஈபப் பக்கம் வந்தன. இப்படித்தான் மின்னூல் உலகம் இரண்டாகப் பிரிந்தது.

ஈபப் கோப்பில் மர்மம் எதுவும் இல்லை. அது ஒரு ஜிப் பொதி. கோப்புப் பெயரின் ஈற்றை ஜிப் என்று மாற்றித் திறந்தால், இணையப் பக்கங்கள் எழுதப்படும் அதே முறையில் அத்தியாயங்கள், அவற்றின் தோற்றத்தைச் சொல்லும் ஒரு கோப்பு, படங்கள், எது முன் எது பின் என்று காட்டும் பட்டியல் ஆகியவை வரிசையாக இருக்கும். அதன் விதிகளை யாரும் படிக்கலாம். யாரும் அதைத் திறக்கும் மென்பொருள் எழுதலாம். யாருக்கும் கட்டணம் கட்ட வேண்டாம். 2017 முதல் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பே அதைப் பராமரிக்கிறது. ஈபப் 3.3 பதிப்பு 2023 மே மாதம் வெளியானது. கேஎஃப்எக்ஸ் எப்படி இயங்குகிறது என்பதற்கு இப்படியொரு பொது ஆவணம் கிடையாது. அதை உருவாக்கிய நிறுவனம் விரும்பும்வரைதான் அது திறக்கும்.

இடைவெளி சற்றுக் குறைந்திருப்பது உண்மைதான். 2022 முதல் ‘சென்ட் டு கிண்டில்’ சேவை வழியாக ஈபப் கோப்பை அனுப்பினால், அமேசான் அதைத் தன் வடிவத்துக்கு மாற்றிக் கருவிக்கு அனுப்பிவைக்கிறது. ஆனால், அதே கோப்பைக் கேபிள் வழியாகக் கருவிக்குள் நேராகப் போட்டால் அது நூலகப் பட்டியலில் தோன்றாது. ஒரு நிறுவனத்தின் சர்வர் இடையில் நின்றால்தான் கருவி அந்த நூலைப் படிக்கும் என்றால், அந்த இணக்கம் அரைகுறையானது.

இந்த இடைவெளியை வாசகர்களுக்காக உண்மையில் அடைத்தது கேலிபர் என்ற இலவச மென்பொருள். இந்தியரான கோவிட் கோயல் 2006இல், தான் வாங்கிய சோனி வாசிப்புக் கருவி லினக்ஸ் கணினியோடு ஒத்துழைக்காததால் எழுதத் தொடங்கியது அது. மோபியை ஈபப் ஆகவும், வேர்டு கோப்பை மின்னூலாகவும் மாற்ற உலகம் முழுக்க அதைத்தான் நம்பியிருக்கிறார்கள். பெரிய நிறுவனங்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்திருக்க வேண்டிய ஒரு சிக்கலைத் தனி ஒருவரின் உழைப்பு சுமந்துகொண்டிருக்கிறது.

ஆனால் கேலிபராலும் செய்ய முடியாத ஒன்று உண்டு. டிஆர்எம் எனப்படும் பூட்டு போட்ட கோப்பை அது மாற்றித் தராது. வடிவம் வேறு, பூட்டு வேறு. ஈபப் வடிவத்திலேயே அடோபியின் பூட்டு போட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். ஆப்பிள் தனியாக ஒரு பூட்டு வைத்திருக்கிறது. எனவே ‘ஈபப் ஆகத் தந்துவிட்டோம்’ என்று ஒரு கடை சொன்னால் மட்டும் போதாது. அந்த ஈபப் வேறு கருவியில் திறக்கிறதா என்பதே சோதனை.

தமிழுக்கு மேலும் ஒரு படி

ஆங்கில நூலுக்குப் பிரச்சினை இத்தோடு முடிந்துவிடும். தமிழுக்கு முடியாது. யூனிகோடில் ‘கெ’ என்று எழுதும்போது முதலில் ககரமும் அடுத்து எகரக் குறியும் பதிவாகின்றன. திரையில் காட்டும்போது கொம்பு முன்னால் வர வேண்டும். ‘கொ’ என்றால் ஒரே குறி இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இருபுறமும் நிற்க வேண்டும். இதைச் செய்ய எழுத்துரு மட்டும் போதாது. எழுத்துகளைக் கோத்துக் காட்டும் ஓர் இயந்திரம் கருவியின் மென்பொருளுக்குள் இருக்க வேண்டும். பல வாசிப்புக் கருவிகளில் நெடுங்காலம் அது இல்லை. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், அல்லது வெறும் கட்டங்கள். கோப்பு திறக்கும், நூலைப் படிக்க முடியாது.

2013இல் தொடங்கப்பட்டு, தன்னார்வலர்களால் நடத்தப்படும் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளம் இதற்குக் கண்ட வழி பாராட்டுக்குரியது. ஒவ்வொரு நூலையும் ஈபப், மோபி, ஏ4 அளவு பிடிஎஃப் ஆகியவற்றோடு, ஆறு அங்குலத் திரைக்கென்றே தனியாக ஒரு பிடிஎஃப் ஆகவும் அவர்கள் வெளியிட்டார்கள். தமிழ் தெரியாத கருவியிலும் தமிழைப் படிக்க அந்த ஆறு அங்குல பிடிஎஃப் உதவியது. ஆனால், அதில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் திரைக்கேற்ப மடங்கி அமையாது. அறுபது வயதைத் தாண்டிய ஒரு வாசகருக்கு மின்னூல் தரும் மிகப் பெரிய உதவியே எழுத்தின் அளவைத் தன் கண்ணுக்கு ஏற்ப மாற்றிக்கொள்வதுதான். பிடிஎஃப் அதைப் பறித்துவிடுகிறது.

பதிப்பகங்களின் பக்கம் போனால் சிக்கல் இன்னும் ஆழமானது. தமிழ்நாட்டில் பல ஆண்டுகளாக நூல்கள் பேஜ்மேக்கரில் வடிவமைக்கப்பட்டன. அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பு வந்தது 2001இல். அதற்கு யூனிகோட் தமிழ் தெரியாது. அதனால் வானவில், ஸ்ரீலிபி, டாம், டாப் என்று ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு. இலங்கையிலும் புலம்பெயர் நாடுகளிலும் பாமினி. அந்தக் கோப்பில் ‘அம்மா’ என்று நம் கண்ணுக்குத் தெரிவது, எழுத்துருவை எடுத்துவிட்டால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவும் குறிகளாகவும் ஆகிவிடும். ஒரு சொல்லைத் தேட முடியாது. திரைவாசிப்பான் மென்பொருளால் படித்துக் காட்ட முடியாது. அப்படியே ஈபப் ஆக்கவும் முடியாது. பல பதிப்பகங்களின் முப்பது ஆண்டு உழைப்பு இப்படிப் பழைய வன்தட்டுகளில் கிடக்கிறது. மாற்றிகள் இருக்கின்றன, மாற்றிய பிறகு மெய்ப்புப் பார்க்க ஆளும் பணமும் வேண்டும்.

மதுரைத் திட்டம் தரும் பாடம்

இதைச் சரியாகச் செய்து காட்டியவர்கள் நம்மிடமே இருக்கிறார்கள். 1998 பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தின் லொசானில் வாழ்ந்த அறிவியலாளர் கு.கல்யாணசுந்தரத்தின் முன்முயற்சியில் மதுரைத் திட்டம் தொடங்கியது. உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் சங்க இலக்கியம் தொடங்கித் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, சரிபார்த்து, இலவசமாக வெளியிட்டார்கள். முதலில் மயிலை எழுத்துருவில். பிறகு, தமிழர்கள் பலர் கூடி இணையவழியே உருவாக்கிய டிஸ்கி குறியீட்டில். அதன் பின் யூனிகோடில்.

கால் நூற்றாண்டில் மூன்று குறியீடுகள் மாறியும் அந்த நூல்கள் தொலையவில்லை. காரணம் எளிது. அவை வெறும் உரையாக இருந்தன, பூட்டு இல்லை, குறியீட்டின் அட்டவணை எல்லோருக்கும் தெரியும், பிரதி எடுக்க யாருக்கும் தடையில்லை. ஒரு வடிவம் பழசானபோது நூலை அடுத்த வடிவத்துக்கு எடுத்துச் செல்ல எவருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. எந்தக் கோப்பு வடிவமும் நிரந்தரமில்லை. ஈபப்பும் ஒருநாள் பழசாகும். ஆனால், வெளிப்படையாக உள்ள வடிவத்திலிருந்து அடுத்ததற்கு மாற முடியும். மூடிய வடிவத்திலிருந்து மாற, அதன் உரிமையாளர் அன்று உயிரோடு இருக்க வேண்டும், மனமும் வைக்க வேண்டும்.

கடை மூடினால்?

இது வீண் பயம் என்று நினைப்பவர்கள் நடந்தவற்றைப் பார்க்க வேண்டும். 2009 ஜூலையில், உரிமையில்லாத ஒருவர் விற்றுவிட்டார் என்பதற்காக, ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நூல்களை வாசகர்களின் கிண்டில்களிலிருந்தே அமேசான் அழித்தது. பணம் திரும்பி வந்தது. நிறுவனர் ஜெஃப் பெஸோஸ் மன்னிப்பும் கேட்டார். ஆனால், விற்ற பொருளை வீட்டுக்குள் வந்து எடுத்துச்செல்ல முடியும் என்பது அன்று உறுதியானது. 2014இல் சோனி தன் மின்னூல் கடையை வட அமெரிக்காவில் மூடி, வாடிக்கையாளர்களைக் கோபோவுக்கு மாற்றிவிட்டது. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, விற்ற நூல்கள் அத்தனையும் வாசகர்களின் அலமாரியிலிருந்து மறைந்தன. விலை திருப்பித் தரப்பட்டது. நூலில் குறிப்புகள் எழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர். இவை நொடித்துப்போன சிறு நிறுவனங்களும் அல்ல. உலகின் மிகப் பெரிய நிறுவனங்களே லாபம் இல்லையென்றால் ஒரு கதவை மூடிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடும்.

மைக்ரோசாஃப்ட் கடை மூடியதால் எந்த நூலும் உலகிலிருந்து அழியவில்லை. அவை அச்சிலும் பிற கடைகளிலும் இருந்தன. கிண்டிலில் மட்டுமே வெளியான ஒரு தமிழ் நாவலின் நிலை அப்படியல்ல. இந்தியாவில் அச்சிடப்படும் ஒவ்வொரு நூலும் 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கும் போய்ச் சேர வேண்டும். நூறு பிரதி விற்ற கவிதைத் தொகுப்புகூட அதனால் எங்கோ ஓர் அடுக்கில் பத்திரமாக இருக்கிறது. அந்தச் சட்டம் பேசுவது அச்சிட்ட நூலைப் பற்றி. மின்னூலாக மட்டும் வரும் நூலை எந்த நூலகத்திலும் ஒப்படைக்க வேண்டும் என்ற கட்டாயத்தை அது விதிக்கவில்லை. ஆசிரியர் காலமாகி, அவர் கணக்கு முடங்கி, நூல் கடையிலிருந்து இறங்கிவிட்டால், பத்து ஆண்டுகள் கழித்து ஓர் ஆய்வு மாணவர் அதை எங்கே போய்த் தேடுவார்? 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறெங்கும் பிரதி இல்லாதவற்றை நிரந்தரமாக இழந்த இனம் நாம். அந்த இழப்பு உணரப்பட்டதன் தொடர்ச்சியாகவே நூலகம் நிறுவனம் போன்ற எண்ணிமத் தொகுப்புகள் ஈழத்தில் எழுந்தன. பல இடங்களில் பிரதி இருப்பதே நூலுக்குக் காப்பு என்பதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

பதிப்பாளரின் அச்சம்

பூட்டைத் திறந்தால் திருட்டு பெருகும் என்று பதிப்பாளர்கள் அஞ்சுகிறார்கள். அச்சம் நியாயமானது. ஒரு நூல் வெளிவந்த சில நாட்களிலேயே அதன் பிடிஎஃப் டெலிகிராமில் சுற்றுவதைப் பார்த்து மனம் நொந்த சிறு பதிப்பாளர்கள் இருக்கிறார்கள். எழுத்தாளருக்குச் சேர வேண்டிய பணம் அப்படிப் போவது அநீதி. அதைச் செய்பவர்கள் மீது நடவடிக்கை வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தில்லை.

ஆனால், அப்படி உலவும் தமிழ்க் கோப்புகளில் பல, அச்சு நூலைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்தவை. மின்னூலுக்குப் போட்ட பூட்டு அவர்களைத் தடுக்கவே இல்லை. பூட்டால் தடைபடுபவர் காசு கொடுத்து வாங்கிய வாசகர். அவருக்குத்தான் கருவி மாறினால் நூல் கிடைக்காமல் போகிறது. அறிவியல் புனைவுக்குப் பேர்பெற்ற டோர் பதிப்பகம் 2012இல் தன் மின்னூல்கள் அனைத்தையும் பூட்டில்லாமல் விற்க முடிவெடுத்தது. ஓராண்டு கழித்து, திருட்டு குறிப்பிடும்படி கூடவில்லை என்று அப்பதிப்பகமே அறிவித்தது. ஹாரி பாட்டர் மின்னூல்களும் 2012இல் ஈபப் வடிவில், வாங்கியவரை அடையாளம் காட்டும் நீர்க்குறி முறையோடு வெளிவந்தன. பூட்டுக்கும் முழுச் சுதந்திரத்துக்கும் இடையே வழிகள் உண்டு.

தமிழ் எழுத்தாளர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று, தாமாகப் பதிப்பிக்க உதவும் அமேசானின் கேடிபி தளத்தில் உள்ள ‘செலக்ட்’ திட்டம். கிண்டில் அன்லிமிடெட் சந்தாதாரர்கள் நூலைப் படிக்க வேண்டுமானால் இதில் சேர வேண்டும். சேர்ந்தால், 90 நாட்களுக்கு அந்த மின்னூலை வேறெங்கும், சொந்தத் தளத்தில்கூட, தரக் கூடாது. காலம் முடிந்தால் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். வருமானத்துக்காக அதை ஏற்பது அவரவர் முடிவு. சில சுற்றுகளுக்குப் பிறகு வெளியேறி, நூலை மற்ற இடங்களிலும் தருவதும் அவரவர் கையில்தான் உள்ளது. அதோடு, பூட்டில்லாமல் வெளியிடப்படும் நூல்களை வாங்கியவர்கள் 2026 ஜனவரி முதல் ஈபப், பிடிஎஃப் வடிவங்களில் பதிவிறக்கிக்கொள்ளலாம் என்று அமேசானே அறிவித்தது. பூட்டு வேண்டுமா வேண்டாமா என்று கேட்கும் கட்டத்தில் எழுத்தாளர் இடும் ஒரு குறிதான் அதைத் தீர்மானிக்கிறது. அந்தக் குறியை யோசித்து இடுங்கள்.

அரசின் கடமை

பாரதியின் படைப்புகள் 1949இல் அரசுடைமை ஆனதில் தொடங்கி, ஏராளமான எழுத்தாளர்களின் நூல்களை மரபுரிமையாளர்களுக்குப் பரிவுத்தொகை வழங்கித் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. இந்தியாவில் வேறு மொழிகள் பொறாமைப்படத்தக்க திட்டம் இது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் அந்த நூல்களை இணையத்தில் கிடைக்கச் செய்துள்ளது. ஆனால், அவற்றில் பெரும்பகுதி பக்கங்களைப் படமெடுத்த பிடிஎஃப் கோப்புகள். கைபேசித் திரையில் அவற்றை இழுத்து இழுத்துப் படிக்க வேண்டியிருக்கிறது. பார்வையற்ற ஒருவருக்கு அந்தப் படத்தால் எந்தப் பயனும் இல்லை. அச்சைப் படிக்க இயலாதோருக்கு நூல்கள் கிடைக்க வேண்டும் என்ற மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. அந்தப் பெருமைக்கு நம் அரசுத் தளங்கள் தகுதி பெற வேண்டும்.

கல்விக்கழகம் வழங்கிய நாட்டுடைமை நூல்களைத் தமிழ் விக்கிமூலத்தில் தன்னார்வலர்கள் பக்கம் பக்கமாக மெய்ப்புப் பார்த்து உரையாக்கி வருகிறார்கள். அங்கிருந்து ஈபப் ஆக இறக்கிக்கொள்ளவும் முடிகிறது. சம்பளமில்லாத சிலர் இரவு கண்விழித்துச் செய்யும் இந்த வேலைக்கு அரசு ஆள் தர வேண்டும், நிதி தர வேண்டும். பாடநூல்களும் பிடிஎஃப் ஆகத்தான் கிடைக்கின்றன. அவை ஈபப் ஆகவும் வந்தால், மலிவான கைபேசி வைத்திருக்கும் மாணவருக்கும் பார்வைக் குறைபாடுள்ள மாணவருக்கும் ஒருசேர உதவும். அரசுப் பணத்தில் உருவாகும் எந்தத் தமிழ் மின்னூலும் யூனிகோட் உரையாக, பூட்டில்லாத ஈபப் ஆக வெளிவர வேண்டும் என்று ஓர் அரசாணை போதும். நூல் வழங்கல் சட்டம் மின்னூல்களுக்கும் விரிவாகும்வரை காத்திராமல், எழுத்தாளர்கள் தாமாக முன்வந்து ஒப்படைக்கும் மின்னூல்களைப் பெற்றுக் காக்கும் ஏற்பாட்டைக் கன்னிமாரா நூலகத்தில் மாநில அரசே தொடங்கலாம்.

இன்று செய்யக்கூடியவை

பதிப்பகங்கள் புதிய நூல்களையாவது யூனிகோடிலேயே வடிவமைக்கட்டும். தற்போதைய வடிவமைப்பு மென்பொருள்களில் அது முடியும். ஒரே மூலக்கோப்பிலிருந்து அச்சுக்கும் மின்னூலுக்கும் போகலாம். வெளியிடும் முன் ஈபப்செக் என்ற இலவசக் கருவியில் ஒரு முறை சோதித்தால், கோப்பு ஈபப் விதிகளுக்கு உட்பட்டிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். எழுத்தாளர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது, தங்கள் நூலின் இறுதி யூனிகோட் கோப்பு தங்களுக்கும் தரப்பட வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கட்டும்.

இவை அனைத்தையும் நகர்த்தும் வலு வாசகரிடம் இருக்கிறது. வாங்கும் முன் கேளுங்கள்: இது ஈபப் ஆகக் கிடைக்குமா? பூட்டு உண்டா? வேறு கருவிக்கு மாற்ற முடியுமா? அடுத்த சென்னைப் புத்தகக் காட்சியில் ஒவ்வோர் அரங்கிலும் பத்து வாசகர்கள் இந்த மூன்று கேள்விகளைக் கேட்டாலே பதிப்பகங்கள் பதில் தேடத் தொடங்கும். தமிழ் வாசகர்கள் கேட்காதவரை, இந்தப் பதில்களை நமக்காக வேறு யாரோ எங்கோ முடிவுசெய்துகொண்டிருப்பார்கள்.